உயில் கேட்ட வண்டி

தலத்தெருவில் யாகப்பனின் ஒர்க்‌ஷாப்புக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு புங்கமரம், அதன் கிளையில் தொங்கும் பழைய டயர், உள்சுவரில் வேளாங்கண்ணி மாதா படம், படத்துக்குக் கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்பு. அடையாளம் இவ்வளவுதான். ஆனாலும் பெட்ரோல் வண்டிக்கு கார்பரேட்டர் மக்கர் செய்தால் நிரவியிலிருந்தும் நாகூரிலிருந்தும்கூட ஆட்கள் விசாரித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். யாகப்பன் கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். மற்றதெல்லாம் வண்டிக்கு அடியில் படுத்துக் கற்றுக்கொண்டது.

புகை விடும் வண்டியைக் கண்டால் மட்டும் அவனுக்கு ஆகாது. எஞ்சின் ஆயில் கசிந்து பெட்ரோலோடு சேர்ந்து எரிந்தால் பின்னால் நீலப்புகை வரும். "ஆயில் குடிக்குது" என்பார்கள் மெக்கானிக்குகள். எல்லோரும் சும்மா சொல்கிற வார்த்தைதான். யாகப்பன் அதைச் சும்மா சொல்வதில்லை. "இவன் குடிகாரன். இவனை முதல்ல திருத்தணும்" என்று சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவான்.

அதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் அவனே வாஞ்சூர்க் கடைகளில் விழுந்து கிடந்தவன். காரைக்கால் எல்லை அங்கே முடிகிறது. அதைத் தாண்டினால் தமிழ்நாடு, சாராயம் விலை கூட. அதனால் அந்தச் சாலையோரம் முழுக்கக் கடைகள்தான். ஒரு வருஷம் மாதா திருவிழாவுக்கு அவன் சம்சாரம் அருளாயி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டாள். வாஞ்சூரில் சாலையோரம் உட்கார்ந்திருந்த இவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நடந்தாள். அந்த நடையைப் பார்த்து இவன் எழுந்து பின்னாலேயே போனான். கோயில் வாசலில் முழங்காலிட்டுக் குடியை விட்டவன்தான், அதற்குப் பிறகு தொட்டதில்லை. இன்றைக்கும் வாஞ்சூர் வந்தால் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு நேரே பார்த்து ஓட்டுவான். இடதுபக்கமும் திரும்ப மாட்டான், வலதுபக்கமும் திரும்ப மாட்டான்.

சுனாமிக்கு இரண்டு வருஷம் கழித்து, ஈஸ்டர் முடிந்த வாரத்தில், இசபெல்லா அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். சொல்தா சார்லஸின் மனைவி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே சொல்தா என்றுதான் சொல்வார்கள், மரியாதைக்குக் கூப்பிடும்போது 'முசே'. சார்லஸ் பட்டாளத்து மோட்டார் கொட்டகையில் வேலை பார்த்தவர். ரீயூனியன் தீவிலிருந்து திரும்பும்போது ஜப்பான் கார் ஒன்றைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். மாம்பழ மஞ்சள் நிறம். ஸ்டியரிங் இடதுபக்கம். ஊரில் வேறு எவரிடமும் இல்லாத எஞ்சின். வேறு எவரையும் தொடவிட்டதும் இல்லை.

"கை கழுவிட்டு வாப்பா யாகப்பா. ஒரு விஷயம் பேசணும்."

"சொல்லுங்கம்மா. முசே எப்படி இருக்காரு?"

"உக்காந்திருக்காரு. அதுவே மாதா புண்ணியம்."

போன வருஷம் சார்லஸுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் விழுந்தது. அதிலும் ஒரு விசித்திரம். பெற்ற தாயிடம் பேசிப் பழகிய தமிழ் மொத்தமும் போய்விட்டது. பட்டாளத்தில் படித்த பிரெஞ்சில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வார்த்தைகள் தங்கிவிட்டன. ஆமாம் என்றால் "வி". இல்லை என்றால் "நோ".

"மொத நாளு 'ஓ, ஓ'ன்னாரு. வலியில அழுறாரோன்னு நான் ஒரு பக்கம் அழுறேன். அப்புறம் பாத்தா சொம்பைக் காட்டுறாரு. அவங்க பாஷையில ஓன்னா தண்ணியாம். நாப்பது வருஷம் குடும்பம் நடத்துனேன், தண்ணிக்கு என்ன சொல்லுவாங்கன்னு தெரியாமப் போச்சு பாரு எனக்கு" என்று இசபெல்லா அம்மா சிரித்தார். சிரிப்போடேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் வந்த காரியம் இது. ஆஸ்பத்திரியில் சார்லஸ் நினைவில்லாமல் கிடந்தபோது மாதாவிடம் ஒரு நேர்ச்சை நேர்ந்திருக்கிறார். இவர் பிழைத்து எழுந்து உட்கார்ந்தால், இவருடைய வண்டியிலேயே கூட்டிவந்து உன் வாசலில் நிறுத்துகிறேன் என்று. இப்போது மனிதர் உட்கார்ந்துவிட்டார். வண்டிதான் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

"வாடகைக் காரு ஒண்ணு பிடிச்சு..." என்று யாகப்பன் இழுத்தான்.

"அவரு வண்டியிலன்னு வாயால சொல்லிட்டேன்ப்பா. மாதாகிட்ட போயி வார்த்தையை மாத்தச் சொல்றியா?"

யாகப்பன் வண்டிச் சாவிக்குக் கையை நீட்டினான். நேர்ச்சை என்றால் என்னவென்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் இசபெல்லா அம்மா. "பாத்துச் செய்யி. இந்த எஞ்சினு கெட்டா அவ்வளவுதான். இதுக்குச் சாமான் மெட்ராஸ்லயும் கிடையாதுன்னு அவரு வாயி இருந்தப்ப சொல்லிக்கிட்டே இருப்பாரு. வண்டி போயிட்டா மனுசனும் போயிடுவாரு. எனக்குத் தெரியும்."

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து புங்கமரத்தடியில் நிறுத்தினார்கள். பானெட்டைத் திறந்த யாகப்பன் கொஞ்ச நேரம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். எதிர்ப்பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கும் கருப்பையன் எட்டிப் பார்த்தான்.

"என்ன மாமா, எஞ்சினைக் காணோமா?"

"இருக்குடா. ஆனா எஞ்சின் மாதிரி இல்ல. பானை மாதிரி இருக்கு."

உள்ளே பிஸ்டன் கிடையாது. மேலும் கீழும் போய்வரும் எதுவும் கிடையாது. மூன்று முனை உள்ள ஒரு இரும்புக் கட்டி உருண்டையான கூட்டுக்குள் சுழன்றுகொண்டே இருக்கும் என்று சார்லஸ் எப்போதோ ஊரில் சொல்லி, கேட்டவர்கள் எல்லாம் அவர் அளக்கிறார் என்று நினைத்தார்கள். யாகப்பனும் நினைத்தவன்தான். எஞ்சின் எப்படியோ போகட்டும், கார்பரேட்டர் நமக்குத் தெரிந்த சாதிதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு அதைக் கழற்றினான்.

நாலு தொண்டை உள்ள பெரிய கார்பரேட்டர். இரண்டு சின்னத் தொண்டை, எப்போதும் வேலை செய்வது. இரண்டு பெரியது, மிதித்தால் மட்டும் திறப்பது. ஒரு வருஷமாக நின்ற பெட்ரோல் உள்ளே வற்றி, முருங்கைப் பிசின் மாதிரி ஒட்டிக் கிடந்தது. வார்னிஷ் வாடை. ஒவ்வொரு ஸ்க்ரூவாக எடுத்து, எடுத்த வரிசையிலேயே ஒரு வெள்ளைத் துணியில் பரப்பினான். ஜெட் என்று சொல்கிற பித்தளைத் துண்டுகளில் தலைமுடி போகிற அளவுக்குத்தான் துளை. கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், பெட்ரோல் கூடிப்போகும். அதனால் புதுப் பெட்ரோலில் ஊறவைத்து, காற்றை அடித்து, வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரிந்த பிறகே கீழே வைத்தான். மூட்டில் கசியாமல் அடைக்கிற கேஸ்கட் ஷீட்டை விரித்து அச்சு எடுத்துக் கத்தரித்தான். பெட்ரோலை உந்திவிடும் சின்ன ரப்பர் தோல் விறைத்துப் போயிருந்தது. அதற்குப் பதில் பழைய அம்பாசடர் பம்பிலிருந்து ஒன்றை எடுத்து வெட்டிப் பொருத்தினான்.

பெட்ரோல் தேங்கும் அறையின் பக்கத்தில் ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. நடுவில் ஒரு புள்ளி. பெட்ரோல் அந்தப் புள்ளிக்கு நேரே நிற்க வேண்டும் என்பது பார்த்தவுடன் விளங்கிவிட்டது. மிதவையின் நாக்கை மூச்சுவிடாமல் ஒரு நூலளவு வளைத்தான், மாட்டினான், பார்த்தான், மறுபடி கழற்றினான். திவ்விய நற்கருணைக்கு முன்னால் கூட இவ்வளவு நேரம் அசையாமல் நின்றதில்லை என்று அருளாயி கேலி செய்தாள்.

முதல் நாள் ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் கூடி பிளக்குகள் நனைந்துவிட்டன. கழற்றிக் காயவைத்து மறுநாள் அடித்தபோது, ஒரு இருமல், ஒரு தும்மல், அப்புறம் ஒரு ரீங்காரம். தேன்கூட்டைக் கலைத்துவிட்ட மாதிரி. யாகப்பனுக்குப் புல்லரித்தது. சிலுவை போட்டுக்கொண்டான்.

அதோடு பின்னால் நீலப்புகையும் வந்தது.

"வந்துட்டாருய்யா கொசு மருந்துக்காரரு!" என்று கருப்பையன் மூக்கைப் பொத்திக்கொண்டான். சார்லஸ் நல்லாயிருந்த காலத்திலிருந்தே அந்த வண்டிக்கு ஊரில் அதுதான் பேர்.

யாகப்பனின் முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு அழகான வண்டி, இதுவும் குடிகாரனா? புகையின் காரணத்தைத் தேடினான். தேடத் தேட ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எஞ்சினின் முன்பக்கம் ஒரு சின்ன பம்பு. அதிலிருந்து நரம்பு மாதிரி மெல்லிய குழாய்கள் இரண்டு புறப்பட்டு, நேரே கார்பரேட்டருக்குள் போகின்றன. கழற்றி விரலில் தொட்டுப் பார்த்தான். எஞ்சின் ஆயில். தானாகக் கசியவில்லை. யாரோ வேண்டுமென்றே குழாய் போட்டு ஊற்றுகிறார்கள்.

"பாருடா கருப்பையா. பட்டாளத்துல ஏதோ கிறுக்குத்தனம் பண்ணி வச்சிருக்காங்க. பாலுக்குள்ள மண்ணெண்ணெய்யை விட்ட மாதிரி கார்பரேட்டருக்குள்ள ஆயிலை விட்டிருக்காங்க."

"முசேகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ மாமா."

"அவரு என்னத்தச் சொல்லப்போறாரு பாவம். 'வி'ன்னுவாரு, 'நோ'ம்பாரு."

குழாய்களை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாம். சார்லஸின் வீடு நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. பேச முடியாதவரிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று யாகப்பன் நினைத்துவிட்டான். பேச்சு போனால் தெரிந்ததெல்லாம் கூடவே போய்விடும் என்று நாம் எல்லோரும் நினைப்பதுபோல.

குழாய்கள் வந்த துளைகளை போல்ட்டு வைத்து அடைத்தான். குழாய்களைத் துடைத்து பிஸ்கட் டின்னில் போட்டு மாதா படத்துக்குக் கீழே வைத்தான். எதையும் தூக்கி எறிகிற பழக்கம் அவனுக்கு இல்லை. மறுபடி ஸ்டார்ட் செய்து, இருந்த ஆயில் எரிந்து தீரும்வரை விட்டு, ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே, அரைக்கால் சுற்று வெளியே என்று திருகி ரீங்காரத்தை ஒரே சீராக நிறுத்தினான். பின்னால் போய்ப் பார்த்தான். சைலன்சர் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தான். கறை இல்லை.

"உன் குடியை நிறுத்திட்டேன்டா தம்பி" என்று வண்டியின் முதுகில் தட்டினான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அருளாயி வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தாள்.

வண்டியைச் சார்லஸின் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான். இசபெல்லா அம்மா புருஷனை நாற்காலியோடு வாசலுக்குத் தள்ளிவந்திருந்தார். ரீங்காரம் தெருமுனையில் கேட்டதுமே சார்லஸின் இடது கை நாற்காலிப் பிடியில் தாளம் போட்டது. வண்டி வந்து நின்றது. அவர் கண் வண்டியின் மூக்கிலிருந்து வால்வரைக்கும் போனது. வாலிலேயே நின்றுவிட்டது.

"பாத்தீங்களா முசே, பொட்டுப் புகை இல்ல. வண்டியோட குடியை நிறுத்திட்டேன்" என்றான் யாகப்பன்.

சார்லஸின் வாய் கோணியது. தாடை நடுங்கியது. உள்ளேயிருந்து எதையோ கயிறுகட்டி இழுப்பதுபோல இழுத்து, "உயில்" என்றார்.

இசபெல்லா அம்மா கையைத் தட்டினார். "தமிழ் வந்துடுச்சு! யாகப்பா, தமிழ் வந்துடுச்சுப்பா அவருக்கு!" அப்புறம்தான் அந்த வார்த்தை அவருக்கு உறைத்தது. தட்டிய கை அப்படியே நின்றது.

"உயில்" என்றார் சார்லஸ் மறுபடியும். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

வண்டி வந்த சந்தோஷத்தில் அழுகிறார் என்று யாகப்பன் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். இசபெல்லா அம்மாவுக்கு அப்படி நினைக்க முடியவில்லை. அன்றிலிருந்து யாகப்பன் வந்து வண்டியை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம், சத்தம் கேட்டதும் அதே வார்த்தைதான். ஞாயிற்றுக்கிழமை பாரீசிலிருந்து மகள் ஆன்லின் போன் செய்தபோது கொட்டித் தீர்த்தார்.

"உங்கப்பா உயில் கேக்குறாருடி."

"உயில்னா என்னம்மா?" ஆன்லின் சின்ன வயசிலேயே போனவள். சமையல்கட்டுத் தமிழ் தெரியும், கோர்ட்டு கச்சேரித் தமிழ் தெரியாது.

"சொத்தை யாருக்குன்னு எழுதி வைக்கிறதுடி. ஒரு வருஷமா பீயும் மூத்திரமும் அள்ளுறேன். வாயில வந்த ஒரே தமிழ் வார்த்தை அதுதான். என்னை நம்பலையா, இல்ல சாகப்போறோம்னு தெரிஞ்சுபோச்சா? எதுன்னு எடுத்துக்க நான்?"



நேர்ச்சைக்குக் குறித்தது மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலை வெயில் ஏறுவதற்குள் புறப்பட்டார்கள். இடதுபக்கம் ஸ்டியரிங்கில் யாகப்பன். வலதுபக்கம் சார்லஸ், சலவைச் சட்டையில், நெஞ்சில் பட்டாளத்து மெடலோடு. பின்னால் இசபெல்லா அம்மா, மடியில் மெழுகுவர்த்திக் கட்டும் மல்லிகையும்.

பாலம் தாண்டியதும் சார்லஸ் இடது கையை நீட்டி, பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினார். யாகப்பன் விட்டுவிட்டான். சம்சாரம் முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார் போலிருக்கிறது. இசபெல்லா அம்மாவும் அப்படித்தான் நினைத்தார்.

"என்னையே எதுக்கு முறைச்சு முறைச்சுப் பாக்குறீங்க? பின்னாடி உக்காந்து உங்க சொத்தைத் திருடிக்கிட்டா வரேன்?"

"உயில்" என்றார் சார்லஸ்.

"மாதா கோயிலுக்குப் போற வழியில கூடவா? யாகப்பா, இவரைப் பேச வேணாம்னு சொல்லு."

யாகப்பனின் காது வேறு இடத்தில் இருந்தது. எஞ்சினின் ரீங்காரத்துக்குள் இன்னொரு சத்தம் நுழைந்திருந்தது. காய்ந்த ஓலையை ஓலையோடு தேய்ப்பதுபோல, மெல்லிசாக. நேற்று இல்லை. திருமலைராயன்பட்டினம் வந்தபோது அது கொஞ்சம் கூடியிருந்தது. வெயில் சூடாக இருக்கும் என்று நினைத்தான். ஆனாலும் மிதியிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தான். சார்லஸ் அவன் தோளை இடது கையால் பிடித்து உலுக்கினார். "உயில். உயில்."

"இதோ போயிடலாம் முசே. பொறுத்துக்குங்க."

வாஞ்சூர் வந்தது. சாராயக் கடைகளின் வரிசைக்கு நடுவே ஒரு பெட்ரோல் பங்க். எல்லை தாண்டினால் பெட்ரோலும் விலை கூட என்பதால் போகிற வண்டி எல்லாம் அங்கே நிற்கும். யாகப்பனும் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினான். வழக்கம்போல நேரே மட்டும் பார்த்தான்.

நேரே ஒரு மொபெட் நின்றது. அதில் மீன்கூடை கட்டியிருந்த அம்மாள், பட்டினச்சேரி மீனவர் குப்பத்து ஆளாக இருக்க வேண்டும். பங்க் பையன் பெட்ரோலை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த சின்ன மெஷினின் கைப்பிடியைச் சுற்றினான். கண்ணாடிக் குழலில் பச்சை நிறத்தில் டூ-டி ஆயில் ஏறி, மொபெட்டின் டேங்குக்குள் பெட்ரோலோடு போய்க் கலந்தது.

"உயில்!" என்று சார்லஸ் கத்தினார். இடது கை விரல் அந்தக் கண்ணாடிக் குழலுக்கு நேரே நீண்டிருந்தது. "உயில்! வி! வி! உயில்!"

பின்னால் இசபெல்லா அம்மா மல்லிகையைக் கீழே போட்டுவிட்டார். யாகப்பன் அந்த விரலைப் பார்த்தான், குழலைப் பார்த்தான், சார்லஸின் முகத்தைப் பார்த்தான்.

"முசே, உங்க பாஷையில ஓன்னா தண்ணி. உயில்னா... ஆயிலா?"

"வி" என்றார் சார்லஸ். அந்த ஒரு எழுத்தோடு அவர் தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கின. எத்தனையோ நாளாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றவரிடமிருந்து யாரோ அதை வாங்கிக்கொண்ட மாதிரி.

யாகப்பனுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. மொபெட்டுக்கு ஏன் ஆயில் கலக்கிறோம்? அதன் உள்ளே வேறு வழியில் எண்ணெய் போகாது. எரிகிற இடத்திலேயே எண்ணெய் வேண்டும். இந்த வண்டியிலும் மூன்று முனைக் கட்டி கூட்டின் சுவரை உரசிக்கொண்டே சுழல்கிறது. அந்த முனைக்கு எண்ணெய் கொண்டுபோகத்தான் அந்தக் குழாய்கள். யாரும் கிறுக்குத்தனம் செய்யவில்லை. செய்தவன் தெரிந்துதான் செய்திருக்கிறான். இது குடிகாரன் இல்லை. இது குடித்தால்தான் உயிரோடு இருக்கும். பால் குடிக்கிற பிள்ளையின் வாயை அடைத்துவிட்டுக் குடியை நிறுத்திவிட்டேன் என்று மார்தட்டியிருக்கிறேன். ஓலைச் சத்தம் சூட்டில் வந்ததில்லை. முனை காய்ந்து சுவரைச் சுரண்டுகிற சத்தம்.

எஞ்சினை அணைத்தான். பின்சீட்டுப் பக்கம் திரும்பினான்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்னப்பா?"

"அவரு உயில் கேக்கலம்மா. வண்டிக்கு ஆயில் கேட்டிருக்காரு. நான்தான் அந்த வழியை அடைச்சுட்டேன். ஆயில் குடிக்கிறது தப்புன்னு நினைச்சுட்டேன். ஒவ்வொரு தடவையும் அவரு சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்காரு. இப்படியே போயிருந்தா இன்னிக்கு நிக்காது, நாளைக்கு நிக்காது, தேஞ்சு தேஞ்சு ஒரு நாளு நின்னுருக்கும். அப்புறம் யாராலயும் எழுப்ப முடியாது."

இசபெல்லா அம்மா அவனைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தார்.

"அப்ப... என்னைச் சந்தேகப்படலையா நீங்க?"

"நோ" என்றார் சார்லஸ். முகத்தின் பாதி மட்டும் சிரித்தது. மறுபாதிக்கும் சேர்த்து அந்தப் பாதியே சிரித்தது. இசபெல்லா அம்மா முன்சீட்டில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவிலேயே, "ஆயிலுன்னு சொல்லித் தொலைக்கக் கூடாதா? அது இங்கிலீஷ்தானே, ஊருக்கே தெரியுமே" என்று திட்டவும் செய்தார்.

"திரும்பிடலாமா யாகப்பா? வண்டிதான் முக்கியம். மாதா கோவிச்சுக்க மாட்டா."

இதற்கு முன்னால் என்றால் யாகப்பன் உடனே ஒரு பதில் சொல்லியிருப்பான். இப்போது இறங்கிச் சுற்றிவந்து, சார்லஸின் பக்கத்துக் கதவைத் திறந்து, அவர் காலடியில் குந்தி உட்கார்ந்தான்.

"முசே. குழாய் ஒர்க்‌ஷாப்புல பத்திரமா இருக்கு, திங்கக்கிழமை மாட்டிடுவேன். இப்ப மொபெட்டுக்கு ஊத்துற மாதிரி பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்துட்டா கோயிலு வரைக்கும் போயித் திரும்பிடலாமா? முனைக்கு எண்ணெய் போகுமா?"

சார்லஸ் கொஞ்சம் யோசித்தார். மோட்டார் கொட்டகையில் அவர் அப்படி யோசித்ததை யாகப்பன் பார்த்ததில்லை, இருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பார் என்று தோன்றியது. அப்புறம், "வி" என்றார். இடது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, இத்தனூண்டு என்று காட்டினார்.

பங்க் பையன் சிரித்தான். "அண்ணே, காருக்கு யாருண்ணே டூ-டி ஊத்துவாங்க?"

"இது குடிக்கும்ப்பா. ஊத்து."

அவனே பிடித்து ஊற்றினான். சாராயக் கடை வாசலில் நின்றவர்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். வருஷக்கணக்கில் திரும்பிப் பார்க்காத அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் ஊற்றினான். அது ஊற்றி முடித்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் விட்டான். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். ஓலைச் சத்தம் மெல்ல மெல்ல அடங்கி, தேன்கூடு திரும்பி வந்தது. சார்லஸ் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். அதற்குள் நீலப்புகை ஒரு வாலாக எழுந்தது.

எல்லையைத் தாண்டியதும் தமிழ்நாட்டுப் போலீஸ்காரர் கையைக் காட்டினார். காரைக்காலிலிருந்து பாட்டில் கடத்துகிறார்களா என்று பார்க்கிற இடம் அது. மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னலுக்குள் குனிந்தார்.

"என்னய்யா இது, இப்படிப் புகையுது? வாயை ஊது பாப்போம். குடிச்சிருக்கியா?"

"நான் நிறுத்திட்டேன் சார்" என்றான் யாகப்பன். "வண்டியால முடியல."

சார்லஸின் வயிறு குலுங்கியது. பின்சீட்டில் இசபெல்லா அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். போலீஸ்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு, மடியில் இருந்த மெழுகுவர்த்தியைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் வேண்டிக்குங்க" என்று அனுப்பிவிட்டார்.

கோயில் வாசலில் நேர்ச்சை சொன்னபடியே வண்டியை நிறுத்தினார்கள். இசபெல்லா அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினார். யாகப்பனும் ஒன்று ஏற்றினான். என்ன வேண்டிக்கொண்டான் என்று அருளாயி கேட்டதற்கு, "மன்னிப்புதான் கேட்டேன்" என்றான். யாரிடம் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை பிஸ்கட் டின்னோடு சார்லஸின் வீட்டுக்குப் போனான். வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகவில்லை. அவர் நாற்காலியை பானெட்டுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழாயையும் அவர் கையில் கொடுத்து, "இது எந்தப் பக்கம் முசே?" என்று கேட்டுக் கேட்டு மாட்டினான். ஒரு இடத்தில் அவர் "நோ" என்றார். கழற்றி மாற்றினான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அந்த வீட்டுக்கு ஒரு நடை போவது வழக்கமாகிவிட்டது. ஆயில் அளவுக் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து சார்லஸின் கண்ணுக்கு நேரே பிடிப்பான். அடுப்படியிலிருந்து இசபெல்லா அம்மாவின் குரல் வரும். அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு இப்போது ஒரே அர்த்தம்தான்.

"யாகப்பா, உயில் இருக்காப்பா?"

"கொஞ்சம் குறைஞ்சிருக்கும்மா. ஊத்திட்டு வரேன்."